பார்க்கின்சன்: நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்வதும் வீட்டுக்குள் நடமாட்டமும்

பொருநைக்கரை:
மாமனாருக்கு வயது 68. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து ஏழு வருஷம். லெவோடோபா-கார்பிடோபா 100/25 மாத்திரை காலை 7, 11, மதியம் 3, இரவு 7. கை நடுக்கம் குறைவுதான், நடைதான் சிக்கல். வீடு சேரன்மாதேவிப் பக்கம், பழைய வீடு. தார்சா (முன்தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), அடுக்களை, பின்னால் முற்றம், முற்றத்தைத் தாண்டிக் கழிப்பறை. தார்சாவில் நல்லாவே நடக்கிறார். பட்டாசல் நிலைகிட்ட வந்ததும் ரெண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னாலிருந்து "நடங்க, நடங்க" என்றால் இன்னும் மோசம். ராத்திரி படுக்கையில் புரள முடியவில்லை. மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா, வீட்டை மாற்ற வேண்டுமா? எதை முதலில் பார்க்கணும்?

பாளை_பிசியோ:
அக்கா, முதலில் மூன்று நாள் அட்டவணை ஒன்று போடுங்கள். ஒரு நோட்டில் அரை மணிக்கு ஒரு வரி. அந்த நேரத்தில் அவர் நன்றாக இயங்குகிறாரா (ஆன்), விறைத்துப் போயிருக்கிறாரா (ஆஃப்), உடம்பு தானாக நெளிந்து ஆடுகிறதா, தூங்குகிறாரா என்று ஒரு குறி. மாத்திரை, சாப்பாடு இரண்டின் நேரமும் அதே வரியில். கால் ஒட்டினால் எந்த இடத்தில் என்றும் எழுதுங்கள்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கால் ஒட்டுவது பெரும்பாலும் மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் வரும். அப்படியானால் மருந்து வேளைகளைச் சரிசெய்தால் குறையும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் அதே வாசல் நிலையில் ஒட்டினால், மாத்திரையைக் கூட்டுவதால் பெரிய பலன் இருக்காது. சிலருக்கு ஒட்டுவது கூடவும் செய்யும். அங்கே பயிற்சியும் தரைக் குறியும்தான் கைகொடுக்கும். இந்த நோட்டு கையில் இருந்தால் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். "நடக்க மாட்டேங்கிறார்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்?

நிலையில் ஏன் ஒட்டுகிறது என்றால், யோசிக்காமல் தானாக நடக்கும் நடையை ஓட்டுவது மூளையின் அடிப்பகுதி முடிச்சுகள். இந்த நோயில் டோபமைன் (உடல் அசைவை நடத்த உதவும் மூளை வேதிப்பொருள்) குறைந்ததும் அந்தத் தானியங்கி ஓட்டம் பலவீனப்படுகிறது. குறுகலான இடம், திரும்பும் இடம், எழுந்து முதல் எட்டு வைக்கும் இடம், அவசரம், இவை நான்கும் அதை நிறுத்திவிடும். ஆனால் கண்ணால் பார்த்து, மனசு வைத்து எடுக்கும் எட்டு வேறு வழியாகப் போகிறது. தரையில் நடக்கத் திணறுகிறவர் மாடிப்படி சரசரவென்று ஏறுவது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு "வேணும்னே செய்றார்" என்று வீட்டில் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள்.

ஒட்டிக்கொண்டால் வரிசை இது. முதலில் முயற்சியை விட்டுவிட்டு அப்படியே நிற்க வேண்டும். ஒரு பெருமூச்சு விட வேண்டும், முதுகை நிமிர்த்த வேண்டும். பிறகு உடல் எடையை இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று மெதுவாக மாற்ற வேண்டும். எடை இறங்கிய காலை எடுக்க முடியாது. எடை இல்லாத காலைத்தான் எடுக்க முடியும். அந்தக் காலால் குதிகால் முதலில் படும்படி பெரிய எட்டு ஒன்று. கூட நிற்பவர் "நில்லுங்க, மூச்சு விடுங்க, ஆடுங்க, பெரிய எட்டு" என்ற நாலே சொற்களைத் தினமும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து முன்னால் இழுத்தால் உடம்பு போகும், பாதம் போகாது, விழுவார். பக்கவாட்டில் அரை எட்டு பின்னால் நின்று இடுப்பில் கை வையுங்கள்.

தென்காசிச்சாரல்:
தரையில் கோடு போடச் சொல்கிறார்களே, எவ்வளவு இடைவெளி? எங்கள் வீட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டினோம், ரெண்டு நாள் துடைத்ததும் ஓரம் கிளம்பி அதிலேயே தடுக்குது.

பாளை_பிசியோ:
அந்த டேப் வேண்டாம், உடனே உரித்துவிடுங்கள். வழுக்காத சொரசொரப்பு டேப் கிடைக்கிறது, அல்லது தரைக்கான பெயிண்ட். 5 செ.மீ. அகலம். சிவப்புக் காவித் தரை என்றால் வெள்ளை அல்லது மஞ்சள். வெளிர் டைல்ஸ் என்றால் கறுப்பு. நடக்கும் திசைக்குக் குறுக்கே போட வேண்டும்.

இடைவெளிக்குப் பொதுக் கணக்கு வைக்காதீர்கள். ஆன் நேரத்தில் பத்து எட்டு நடக்கவிட்டு, மொத்த தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். அதுதான் அவருடைய எட்டு. பெரும்பாலும் 45 முதல் 60 செ.மீ.க்குள் வரும். நிலைக்கு ஒரு மீட்டர் முன்னால் தொடங்கி நிலையைத் தாண்டி ஒரு மீட்டர் வரை கோடு போக வேண்டும். பலரும் நிலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்வார். கண் நிலைச்சட்டத்தைப் பார்க்கக் கூடாது, அதற்கு அப்பால் இருக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும்.

கோடு எல்லோருக்கும் பிடிக்காது. சிலருக்குத் தாளம்தான். முப்பது விநாடியில் எத்தனை எட்டு என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 100 என்றால், கால் ஒட்டும் ஆளுக்குக் கைப்பேசியில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் செயலி) 90-ல் வைத்துத் தொடங்குங்கள். கால் ஒட்டாமல் நடை மட்டும் மந்தமாக இருப்பவருக்கு 110 வரை போகலாம். நையாண்டி மேள வேகத்தில் பாட்டுப் போட்டு நடக்கவிடுவது ஆபத்து. எட்டு குறுகிக் குறுகி முன்னால் ஓட ஆரம்பித்துவிடும்.

கல்லிடை_மேஸ்திரி:
பொருநைக்கரை தங்கச்சி, அந்தக் காலத்து வீட்டு நிலைக்குக் கீழ்ச்சட்டம் 10, 15 செ.மீ. உசரம் இருக்கும். அதைத் தாண்டுறதுதான் பாதிக் கஷ்டம். தலைவாசலை அறுக்க வீட்டுல சம்மதிக்க மாட்டாங்க, அது தெரிஞ்ச விஷயம். அதை விட்டுருங்க. பட்டாசல், அடுக்களை நிலையில கீழ்ச்சட்டத்தை மட்டும் அறுத்துத் தரைமட்டத்துக்குப் பூசிரலாம், ஒரு நாள் வேலை. ரெண்டு பக்கக் கால்சட்டமும் செவுத்துல இறுகி இருக்கான்னு தட்டிப் பார்த்துட்டு அறுக்கணும். ஆடுச்சுன்னா முதல்ல இரும்புப் பட்டை வச்சு செவுத்தோட பிடிக்கணும்.

சாய்தளம் போட்டுரலாம்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. ஒண்ணுக்குப் பன்னிரண்டு சரிவுதான் பத்திரம். 10 செ.மீ. உசரத்துக்கு ஒரு பக்கம் 120 செ.மீ. நீளம் வேணும், ரெண்டு பக்கமும் போட்டா பட்டாசல்ல பாதி போயிரும். முக்கால் அடிக்குள்ள அடக்கிச் செங்குத்தாப் போட்டா, இறங்கும்போது தள்ளிட்டுப் போகும்.

கைப்பிடி விஷயத்துலதான் நிறையத் தப்பு நடக்கு. துண்டு தொங்கவிடுற கம்பி கைப்பிடி இல்ல, ஆள் எடை தாங்காது. 32 மி.மீ. எவர்சில்வர் குழாய், செவுத்துல இருந்து 4 செ.மீ. இடைவெளி. அதுக்கு மேல இடைவெளி விட்டா முழங்கை உள்ள சிக்கிக்கிடும். பழைய சுண்ணாம்புச் செவுத்துல பிளாஸ்டிக் பிளக் நிக்காது, ஒரு வாரத்துல உதிரும். செவுத்தைத் துளைச்சு அந்தப் பக்கம் தகடு வச்சு போல்ட் போடணும், இல்லாட்டித் தரையில கான்கிரீட் போட்டுக் குழாயை நட்டுரணும். மாட்டினதும் நீங்க உங்க முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கணும்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்குற மாதிரி மாத்துங்க. உள்ள விழுந்தா, உள்பக்கம் திறக்குற கதவை ஆள் உடம்பே அடைச்சுக்கிடும். தாழ்ப்பாள் வெளியில இருந்தும் எடுக்குற மாதிரி இருக்கட்டும். கழிப்பறையை மாத்த வசதி இல்லைன்னா, இருக்குற இடத்து மேலயே கமோடு நாற்காலி போடலாம். இருக்கை உசரம் 45 செ.மீ.க்குக் குறையாம, நாலு காலுக்கும் ரப்பர் இருக்கணும். ரப்பர் தேய்ஞ்சா ஈரத் தரையில அப்படியே நழுவும். முற்றத்துப் பாசியைச் சாரல் காலத்துலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுரணும். ராத்திரி முற்றம் தாண்டுறதே வேண்டாம், கட்டில்கிட்டயே யூரின் கேன் வச்சுருங்க.

பொருநைக்கரை:
மேஸ்திரி அண்ணாச்சி, தரையில் குழாய் நடும் யோசனை ரொம்ப உதவி. எங்கள் சுவர் சுண்ணாம்புச் சுவர்தான். படுக்கை விஷயம் யாராவது சொல்லுங்கள். இப்போது கயிற்றுக் கட்டில்.

பாளை_பிசியோ:
கயிற்றுக் கட்டில், நார்க்கட்டில் இரண்டும் வேண்டாம். நடுவில் பள்ளம் விழுந்தால் நல்ல உடம்புக்காரருக்கே புரள்வது கஷ்டம். பலகைக் கட்டிலில் அழுத்தமான தென்னைநார் மெத்தை போடுங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படும் உயரம், சுமார் 45-50 செ.மீ. இடுப்பு வரும் பகுதியில் மட்டும் குறுக்கே ஒரு சாட்டின் துணி. கால் பக்கம் பருத்தி விரிப்பே இருக்கட்டும், குதிகால் ஊன்றப் பிடி வேண்டும். கனத்த போர்வை காலில் சுற்றினால் அன்று ராத்திரி புரளவே முடியாது.

வலப்பக்கம் திரும்ப: இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தை ஊன்ற வேண்டும். இடுப்பைக் கொஞ்சம் தூக்கி இடப்பக்கமாக நகர்த்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கட்டில் ஓரத்துக்கு வந்துவிடுவார். பிறகு தலையை வலப்பக்கம் திருப்பி, முழங்கால்களை அந்தப் பக்கம் சாய்த்து, இடக்கையை வீசினால் உடம்பு தொடர்ந்து வரும். எழ வேண்டுமானால் அதே நிலையில் இரண்டு காலையும் கட்டிலுக்குக் கீழே விட்டு முழங்கையால் தள்ளி எழ வேண்டும். உட்கார்ந்ததும் உடனே நிற்கக் கூடாது, ஒரு நிமிடம் கழியட்டும்.

நாற்காலி ஈசிசேராக இருக்கக் கூடாது. கைப்பிடியுள்ள மரநாற்காலி நல்லது. எழும்போது இடுப்பை முன் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவதில் எழ வேண்டும். பெரும்பாலோர் குனியப் பயந்து நேராக எழப் பார்ப்பார்கள். அதனால்தான் பின்னால் போய் விழுகிறார்கள்.

மருந்தாளர்_டவுன்:
மருந்துப் பக்கம் சொல்கிறேன். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுவது நல்லது. உணவுப் புரதத்தில் இருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வழிக்குப் போட்டி போடுகின்றன. வயிறு புரட்டினால் ரஸ்க், வெறும் பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. சி.ஆர். (மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை) என்று போட்ட மாத்திரையை இடிக்கவோ மெல்லவோ கூடாது. எந்தக் காரணத்துக்கும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து வரும். வேறு நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் மணிப்படி இந்த மாத்திரை போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று. வாந்திக்கு மெட்டோக்ளோபிரமைடு, தலைசுற்றலுக்கு புரோகுளோர்பெரசின், சின்னரசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளூனரிசின், வாயுத் தொல்லைக்கு பான்டபிரசோலோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைடு, இவை எல்லாம் டோபமைன் வேலையைத் தடுக்கக் கூடியவை. பார்க்கின்சன் உள்ளவரின் நடையை இவை கெடுக்கும். நோயே இல்லாதவருக்கும் பார்க்கின்சன் போன்ற விறைப்பைக் கொண்டுவரும். நடை திடீரென்று மோசமானால் கடைசியாகச் சேர்ந்த மாத்திரை எது என்று முதலில் பாருங்கள். மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தென்காசிச்சாரல்:
நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுக்கலாமா? இயற்கைதானே என்கிறார்கள். அப்புறம், பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

மருந்தாளர்_டவுன்:
பூனைக்காலி விதையில் இருப்பதே லெவோடோபாதான். ஆனால் ஒரு கரண்டியில் எவ்வளவு என்பது விதைக்கு விதை, பதத்துக்குப் பதம் மாறும். மாத்திரையோடு சேர்த்தால் அளவு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. உடம்பு நெளிவது, இரத்த அழுத்தம் இறங்குவது, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

புரதத்தை நிறுத்தச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த நோயில் எடையும் தசையும் தானாகவே குறையும். புரதமும் போனால் எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. மருந்தின் வேகம் ஏறி இறங்குகிறவருக்கு மட்டும், நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். பகலில் இட்லிக்கு நிறையச் சாம்பாருக்குப் பதில் சட்னி, மதியம் ரசம், காய். பருப்பு, மீன், முட்டையை இரவுக்குத் தள்ளுவது. அதற்கும் விலை உண்டு: ராத்திரி விறைப்புக் கூடலாம். மாமனாருக்கு ராத்திரி புரளவே கஷ்டம் என்பதால் உணவு ஆலோசகரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மலச்சிக்கலைக் கவனியுங்கள், வயிறு மெதுவானால் மாத்திரை சிறுகுடல் போய்ச் சேர நேரமாகும், "மாத்திரை வேலை செய்யலை" என்று தோன்றும்.

டாக்டர்_மணிமுத்தாறு:
இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று, எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்குவது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளவுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திர வெயில், சுடுதண்ணீர்க் குளியல், வயிறு நிறையச் சாப்பாடு மூன்றும் இதைக் கூட்டும். எழுவதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு 10-15 செ.மீ. கட்டை. உப்பைக் கூட்டுவது இதயம், சிறுநீரகம் சரியாக இருந்தால்தான். முன்பே போட்டுவரும் பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியதும் வரலாம்.

இரண்டு, நாளுக்கு நாள் மெல்ல அல்லாமல் ஓரிரு நாளில் நடை படுத்துவிட்டால் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், தண்ணீர் வற்றுவது, விழுந்து தலையில் அடி, இவற்றைத் தேடுங்கள். பார்க்கின்சன் அப்படி ஒரே இரவில் முற்றாது.

மூளையில் கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சை பற்றியும் கேட்பீர்கள். நம் பக்கத்தில் இருந்து பலர் அதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்குப் போகிறார்கள். பொது விதி: லெவோடோபா போட்டதும் எது சரியாகிறதோ அதுதான் அறுவையிலும் சரியாகும், நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. ஆன் நேரத்திலும் ஒட்டும் காலும், நிலைகுலைந்து விழுவதும் அதனால் தீராது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

தென்காசிச்சாரல்:
ஆச்சிக்கு நாலு கால் வாக்கர் வாங்கியாச்சு. தூக்கித் தூக்கி வைக்கும் வகை. அதைப் பிடித்தால் நடை இன்னும் நின்று நின்று போகுது.

பாளை_பிசியோ:
அதுதான் நடக்கும். ஒவ்வொரு எட்டிலும் தூக்க, வைக்க, பிறகு காலை எடுக்க என்று மூன்று வேலை. நடையின் தாளம் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகிறது. பிரேக் உள்ள சக்கர வாக்கர் மேல், ஆனால் முன்னால் ஓடும் பழக்கம் உள்ளவருக்கு அது இன்னும் வேகமாக ஓடிவிடும். பிரேக்கை இறுக்கி, சக்கரம் கொஞ்சம் கனமாக உருளும்படி வைத்து, கடையிலேயே பத்து மீட்டர் நடக்கவிட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். வாக்கரோடு திரும்பும்போது முற்றத்தைச் சுற்றி வருவதுபோல் அகலமாகத் திரும்ப வேண்டும். நின்ற இடத்தில் சுழன்றால் கால் பின்னும்.

காலில் பட்டை இல்லாத ஹவாய்ச் செருப்பு கூடாது. அதைப் பிடித்துக்கொள்ளவே பாதம் தேய்த்து நடக்கும். பின்பட்டையும் வெல்க்ரோவும் உள்ள செருப்பு. அடிப்பாகம் ரொம்ப ரப்பராக இருந்தாலும் தரையில் பிடித்துத் தள்ளும். சேலையும் நைட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். ஆண்களுக்கு வெல்க்ரோ வைத்த வேட்டி. நடக்கும்போது கையில் செம்பு, தட்டு எதுவும் கொடுக்காதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். பதில் சொல்ல வேண்டுமானால் நின்று சொல்லட்டும்.

பேச்சுப்பயிற்சி_தூத்துக்குடி:
நடை மட்டும் சரியானால் வாழ்க்கை சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்த இழையில் ஓடுகிறது. பார்க்கின்சன்காரர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பிடிகியூ-39 என்ற கேள்வித்தாளைப் பாருங்கள். 39 கேள்வியில் நடமாட்டம் பற்றியது 10. மீதி அன்றாட வேலை, மனநிலை, வெட்கம், வீட்டார் துணை, நினைவு, பேச்சு, உடல் வலி. நாலு பேர் நடுவே சாப்பாடு சிந்துமே என்று கல்யாண வீட்டுக்கே போகாமல் இருப்பவர் எத்தனையோ பேர். முகத்தசை விறைத்திருப்பதைக் கோபம் என்று உறவுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதை வீட்டார்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு இந்த நோயின் பகுதியே, அதற்கு மருந்து உண்டு. கேட்கத் தயங்காதீர்கள்.

விழுங்கும்போது இருமல் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர், ரசம், சொதி மாதிரி தண்ணியாக இருப்பவைதான் முதலில் புரை ஏற்றும். கெட்டியான கூழ் எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியை (முகவாயை) கொஞ்சம் மார்புப் பக்கம் தாழ்த்தி, ஒரு மடக்கு ஒரு விழுங்கு. அடிக்கடி புரை ஏறினால் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும், நுரையீரல் தொற்று வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பாளை_பிசியோ:
ஒத்துக்கொள்கிறேன். வெளியே போவதை நிறுத்தாதீர்கள், மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்குக் கிளம்புங்கள். நெல்லையப்பர் கோயில் பிராகாரம் நல்ல இடம். கல் பாவிய தரையின் இணைப்புக் கோடுகளே குறியாக உதவும். கூட்டமில்லாத காலை நேரம், தரை சுடுவதற்கு முன்னால். ஆனித் தேரோட்டக் கூட்டத்துக்குள் மட்டும் வேண்டாம்.

பொருநைக்கரை:
சான்றிதழ், உதவித்தொகை ஏதாவது உண்டா? வீட்டுக்கு வந்து பிசியோ செய்பவர் கிடைப்பாரா?

டாக்டர்_மணிமுத்தாறு:
2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பல சலுகைகள் தொடங்கும். பராமரிப்பு உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்த மூன்று நாள் நோட்டையும் கொண்டுபோங்கள். ஆன் நேரத்தில் பார்த்துவிட்டுக் குறைவாக எழுதிவிட வாய்ப்புண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

பொருநைக்கரை:
கடைசியாக ஒன்று. பகலில் வீட்டில் நான் ஒருத்திதான். விழுந்துவிட்டால் எப்படித் தூக்குவது?

பாளை_பிசியோ:
தூக்காதீர்கள் அக்கா, எழவையுங்கள். முதலில் ஒரு நிமிடம் அப்படியே கிடக்கட்டும்; எங்கே வலி என்று கேளுங்கள். தொடை இடுக்கில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தோ தெரிவது, தலையில் அடி, மயக்கம் இருந்தால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பக்கம் புரளவைத்து, முழங்கையில் ஊன்றி, கையும் முழங்காலும் தரையில் ஊன்றும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டி அவர் முன்னால் வையுங்கள். இரண்டு கையும் இருக்கையில், பலமான காலின் பாதம் தரையில் ஊன்றட்டும், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி அவரே தள்ளி எழ வேண்டும். உங்கள் வேலை இரண்டாவது நாற்காலியைப் பின்னால் நகர்த்தி வைப்பது மட்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். ஆன் நேரத்தில், மெத்தை விரித்து, இதை வாரம் ஒருமுறை அவரோடு செய்து பழகிவிடுங்கள்.